வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஓமானில் ஆறு கிடையாது. மழை பெய்தால் ஓடி மறுநாள் காய்ந்துபோகிற காட்டாறுகள்தான் உண்டு. அங்கே நிஸ்வா என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். கடல் தண்ணீரில் உப்பைப் பிரித்து அனுப்புகிறார்கள். மாதக் கடைசியில் பில் வரும், கட்டுவேன், அவ்வளவுதான். சொந்த ஊருக்கு விடுமுறையில் வந்தால் பக்கத்திலேயே கோமுகி ஆறு, ஆற்றுக்கு மேலே அணை, அணைக்கு மேலே கல்வராயன் மலை முழுக்க ஓடையும் அருவியும். என் அண்ணன் வீட்டில் முகம் கழுவ ஒரு செம்புத் தண்ணீர். இதைப் பார்த்து எரிச்சல் வராதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வடக்கனந்தல், பிறகு ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, கேன் தண்ணீருக்குக் கிடைத்தது. இரண்டு கேன்களைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு என்னை டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார வைத்தார்கள். வீட்டு வாசலில் அண்ணன் சவரிமுத்து நின்றிருந்தது. மூன்று வருஷம் கழித்துத் தங்கச்சி வந்திருக்கிறாள், ஒரு சிரிப்பு வேண்டாமா?

"வா மேரி. தண்ணி கொஞ்சம் பாத்துப் பொழங்கு. கொழாய்ல நாளைக்குத்தான் வரும்."

இதுதான் வரவேற்பு. அண்ணி லூர்து பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டது.

அண்ணன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் குடியிருப்பு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அணையிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் தலைமடை ஊருக்கு, பிறகு நடுவில் இருக்கிறவர்களுக்கு, கடைசியில் மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு. அண்ணன் போட்டிருந்த நெல் பொதி கட்டும் நேரம், தாளுக்குள் கதிர் உருவாகிற பருவம். அந்த வாரமோ அடுத்த வாரமோ தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் வெளியே வரும், உள்ளே அரிசி இருக்காது, எல்லாம் பதர். கிணறு எப்போதோ செத்துவிட்டது. சுற்றிலும் ஆழமாகப் போர் போட்டவர்கள் அதன் உயிரை உறிஞ்சிவிட்டார்கள். இந்தப் பயிரும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதாக முடிவு. ஐம்பது வயதுக்கு மேல், முட்டி வலியோடு, சித்தாளாக! அண்ணி இதைச் சொல்லும்போது சட்டியில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலுக்குப் போய்விட்டேன். வளைகுடாவில் வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அங்கே வெள்ளிக்கிழமையே வைத்துவிடுவார்கள். மஸ்கட் வரை பஸ்ஸில் போய்ப் பூசை பார்த்துவிட்டுத் திரும்புவேன். இங்கே கோயிலில் மணி அடிப்பது அண்ணன்தான். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கயிறு அண்ணன் கைக்கு வந்தது. வேறு யாரையும் தொட விடாது. என்னைப் பார்த்ததும், "இன்னா மேரி, வெள்ளிக்கிழமையே ஞாயித்துக்கிழம கொண்டாடற?" என்று சிரித்தது. ஊருக்கு வந்து அண்ணன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது. எங்கள் முறை வெள்ளிக்கிழமை. முறை என்றால், அந்த நாளில் வாய்க்கால் தண்ணீர் முழுக்க அந்த ஊர் வயலுக்கு. நானும் பின்னால் போனேன். வாய்க்காலில் சேறு இருந்தது, சேற்றில் ஒரு கொக்கு இருந்தது, தண்ணீர் இல்லை. போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தானாம்.

"எல்லாம் மலைக்காரனுங்க வேல. ஓடை ஓடையா ஓஸ் பைப்பு போட்டு மேலயே இழுத்துக்கறானுங்க. அப்பறம் இங்க எப்பிடி வரும்?"

"யாரு பாத்தாங்க?"

"ஊரே சொல்லிக்கினு இருக்குது."

ஊரே சொன்னால் முடிந்தது, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. திங்கட்கிழமை மலைக்குப் போய் நேரில் கேட்டுவிடுவது என்று அண்ணன் முடிவு பண்ணியிருந்தது. துணைக்கு நான். "நீ நாலு பேரு மத்தியில பேசுவ" என்றது. சண்டை போடுவாய் என்பதை மரியாதையாகச் சொன்னது, அவ்வளவுதான். ஓய்வெடுக்க வந்தவள் நான்!

மலை மேல் இருக்கிற கரியாலூருக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிய காரியம். என் முகத்துக்கு நேரே ஒரு கோணிப்பை, பைக்குள் உயிருள்ள கோழி. வழியில் அணை வந்ததா, ஆறு வந்ததா, எனக்கு ஒன்றும் தெரியாது, கோழி மட்டும்தான் தெரியும். அண்ணன் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலைக்காரர்களிடம் கேட்க வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

மலையேற ஆரம்பித்து ஒரு வளைவில் பஸ் புகைய ஆரம்பித்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்து, "யார்கிட்டனா தண்ணி இருந்தா குடுங்க, வண்டிக்கு ஊத்தணும்" என்று பிச்சை கேட்கிற மாதிரி கேட்டார். காசு கொடுத்து வாங்கின என் பாட்டிலைக் கொடுத்தேன். அண்ணன் தன் பாட்டிலைக் கால்சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளியது. எல்லாருடைய தண்ணீரையும் குடித்துவிட்டு, "இன்னும்" என்றது பஸ்.

அப்போதுதான் ரோட்டு ஓரமாகப் பாறை மேல் ஒரு கறுப்பு ஓஸ் ஓடுவதைக் கண்டக்டர் பார்த்தார். மேலே ஏதோ ஓடையிலிருந்து கீழே யாருடைய மரவள்ளிக் கொல்லைக்கோ போகிறது. இணைப்பைக் கழற்றினார். "பெரியவரே, இத்தக் கொஞ்சம் புடிங்க" என்று பக்கத்தில் நின்ற அண்ணன் கையில் கொடுத்தார். எந்த ஓஸைப் பிடுங்கி எறிய மலை ஏறியதோ, அதே ஓஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் பஸ்ஸுக்குத் தண்ணீர் காட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னை முறைத்தது.

கரியாலூரில் இறங்கும்போது நல்ல பசி. அருவி பார்க்க வந்த கூட்டம் கடை கடையாகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தது. அருவியில் நனைந்துவிட்டு வந்து பாட்டில் தண்ணீர் வாங்குகிற அதிசயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாங்கள் ஒரு கூரைக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரி பொன்னம்மா. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, ஒரு கீரை. அண்ணன் இரண்டாவது முறை சோறு வாங்கும்போது கவனித்தேன். கடைக்குப் பின்னால் கறுப்பு ஓஸ் ஒன்று வந்து சிமெண்ட் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணனும் பார்த்துவிட்டது. வாயில் சோறு, மனசில் கோபம். சாப்பிட்ட வீட்டில் சண்டை போட முடியாதே! தட்டைக் கழுவிவிட்டு மெல்ல ஆரம்பித்தது.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுங்க?"

"ஓடையிலேர்ந்து. ஏன்?"

"நாங்க கீழ, வடக்கனந்தல் பக்கம். எங்க வாய்க்கால்ல தண்ணி இல்ல. நீங்க ஓஸ் போட்டு இழுக்கறதாலன்னு சொல்றாங்க."

பொன்னம்மா அடுப்பில் இருந்த விறகை உள்ளே தள்ளியது. கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஓடுற தண்ணியில ஒரு ஓஸ் எடுத்தா திருட்டுன்றீங்க. கீழ கரை கட்டி மொத்தத்தையும் நிறுத்தி வெச்சிக்கினீங்களே, அதுக்கு இன்னா பேருங்க? இந்தக் காட்ட நாங்க வெட்டாம வெச்சிக்கினு இருக்கறதாலதான் ஓடையே ஓடுது. அதுக்கு ஒரு நாளு எவனாவது ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பானா?"

அண்ணன் என்னைப் பார்த்தது, நாலு பேர் மத்தியில் பேசுகிறவள் ஏதாவது பேசட்டும் என்று. நான் என்ன பேச? அந்தம்மா சொன்னது நியாயம்தான். அணைக்குக் கீழே தண்ணீருக்கு வரி உண்டு, சங்கம் உண்டு, முறை உண்டு. அது பிறக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குழாய்கூட ஒழுங்காகக் கிடையாது.

சாயங்காலம் பொன்னம்மா எங்களை ஓடைக்கே கூட்டிக்கொண்டு போனது. ஓடையின் குறுக்கே அகலமாக ஒரு தட்டைக் கல். அந்த ஊரின் ஓஸ் எல்லாம் கல்லுக்கு மேல்புறக் குழியில்தான் கிடந்தன. கல்லை யாரும் தூக்கக்கூடாது, அதற்கு மேல் இன்னொரு கல் வைக்கக்கூடாது. இதுதான் அவர்கள் கட்டுப்பாடு.

"இந்தக் கல்லத் தாண்டி வழியறது உங்களுது. நாங்க தொடமாட்டோம். கல்ல ஒசத்தி வெச்சவன் வூட்டுக்கு நாங்க பொண்ணு குடுக்கமாட்டோம்."

கல்லின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அதில் காலை வைத்துப் பார்த்தது. தண்ணீர் நன்றாகத்தான் போனது.

"அப்ப இது எங்கதான் போவுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது.

நிஸ்வாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஃபலஜ் பார்த்திருக்கிறேன். மலையடி ஊற்றிலிருந்து வரும் கல் வாய்க்கால். முதல் தண்ணீர் குடிக்க, அடுத்தது குளிக்க, பிறகு பேரீச்சந்தோட்டங்களுக்கு நேரம் பிரித்து. ஆஸ்பத்திரிக்கு வந்த ஓமானியர் ஒருவர் என்னிடம், "உங்கள் நாட்டில் ஆறே ஓடுமாமே, அப்படியானால் யாரும் தண்ணீருக்காகச் சண்டை போடமாட்டீர்கள், இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வெளிநாட்டில் மானத்தை வாங்கவா முடியும்?

ராத்திரி பொன்னம்மா கடையிலேயே படுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஜீப்பில் இறங்கினோம். அடிவாரத்தில், அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், டயர் பஞ்சர். டிரைவரிடம் ஸ்டெப்னி இருந்தது, அதுவும் பஞ்சர். "நேத்தே பாத்திருக்கணும்" என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார், அதனால் நான் திட்ட வேண்டிய வேலை மிச்சம். நிழல் தேடி நடந்தோம். ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அடியில் எங்கள் வாய்க்கால்.

கரை தளும்பத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே எருமை கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் நான்தான் கேட்டேன், தினமும் இப்படி ஓடுமா என்று.

"இல்லீங்க. மழ கம்மி, அதனால இப்ப மொற வெச்சித்தான் உடுறாங்க. சனிக்கிழம தொறப்பாங்க, பொதங்கிழம சாயந்தரம் அடச்சிடுவாங்க. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் சொட்டு கெடையாது. தலமடையில எழுதி ஒட்டியிருக்காங்களே, பாக்கலியா?"

வெள்ளிக்கிழமை சொட்டு கிடையாது! எங்கள் முறை வெள்ளிக்கிழமை!

"அண்ணே, நமக்கு யாரு வெள்ளிக்கிழம குடுத்தது?"

அண்ணன் பாலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. "நம்மது ஞாயித்துக்கிழமதான் மேரி. தாத்தா காலத்துல மாத்திக்கினாங்க."

கதை இதுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் பூசை நாள் என்று மண்வெட்டி தொடமாட்டார்கள். தலைமடை ஊரில் மதகுக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தக் கரையில் அவர்கள் மண்வெட்டி படவிடமாட்டார்கள். அவர்களுடைய வெள்ளி அவர்களுக்குப் பயன்படவில்லை, எங்களுடைய ஞாயிறு எங்களுக்குப் பயன்படவில்லை. மாற்றிக்கொண்டார்கள். அப்போது வாரம் முழுக்கத் தண்ணீர் ஓடியது, எந்தக் கிழமையும் ஒன்றுதான். இப்போது வெள்ளிக்கு வாய்க்கால் காய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலில் முட்டி போட்டிருந்த நேரத்தில் எங்கள் தண்ணீர் தலைமடைக் கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இதற்கு மலை ஏறிச் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம்!

"இத இவ்ளோ நாளு யோசிக்கவே இல்லியா?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். எருமைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

புதன்கிழமை தலைமடைக்குப் போனோம். அங்கே முறை பார்க்கிறவர் கலியமூர்த்தி. அவருக்கும் கரும்பு வாடிக்கொண்டிருந்தது, அதைக் காட்டியபடிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"உங்க தாத்தா கேட்டாரு, எங்க தாத்தா குடுத்தாரு. இப்ப திரும்பக் கேட்டா எப்பிடிப்பா?"

"அண்ணே, நீங்க குடுத்த வெள்ளிக்கிழமையில தண்ணியே இல்லீங்களே. காலி சட்டியத்தானே நாங்க வெச்சிக்கினு இருக்கோம்?" என்றேன்.

காய்ந்த தோகை ஒன்றை ஒடித்துப் போட்டார். பிறகு, "சரிம்மா. எங்க அம்மனுக்காவ உட்டுக் குடுத்தவங்க நீங்க. ஞாயித்துக்கிழம எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. தண்ணி கூடவே உங்காளு நடந்து வரணும். நடுவுல எவனாவது மடையத் தொறந்துக்கினா நான் பொறுப்பில்ல" என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் சொன்னது: "ஞாயித்துக்கிழம எப்பிடி மேரி? பூசை இருக்குது. மணி அடிக்கணும்."

அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். பயிர் சாகிறது, பெங்களூருக்கு மூட்டை கட்டுகிறது, மலை ஏறி இறங்கியாயிற்று, கேட்ட நாளைக் கொடுத்தாயிற்று. இப்போது மணி! பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். பயிரைக் காப்பாற்றுவது பாவமில்லை, சனிக்கிழமை சாயந்தரப் பூசைக்கு வந்துவிடு என்று அவரே அண்ணனிடம் சொன்னார். "சாமிக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிடுவாரு" என்றது அண்ணன் வெளியே வந்து. அண்ணி மூன்று நாள் அண்ணனிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் விடியற்காலையில் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணனின் மண்வெட்டியை எடுத்தேன்.

"எங்க போற? பூசைக்கு வரல?" என்றது அண்ணன்.

"என் ஞாயித்துக்கிழம வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடுச்சி. நீ போய் மணி அடி."

தலைமடையிலிருந்து தண்ணீரோடு நடந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் ஆட்கள் மடையில் கை வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டம் போடுகிற உறவுக்காரர்களை விரட்டுகிற குரலில் ஒரு சத்தம் போட்டேன், கை எடுத்துவிட்டார்கள். எங்கள் எல்லைக்கு வரும்போது முதல் மணி கேட்டது. அண்ணன் வயலின் மடையை வெட்டினேன். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி நின்று, பிறகு உள்ளே போனது. வெடித்துக் கிடந்த நிலம் குடிக்கிற சத்தம் கேட்டது. நான் அழுதேன். கோபம், சந்தோஷம் இரண்டும்தான் காரணம்.

பூசை முடிந்து அண்ணன் வெள்ளை வேட்டியோடு வரப்பில் வந்து நின்றது. தண்ணீரைப் பார்த்தது, பயிரைப் பார்த்தது, மடையைப் பார்த்தது.

"இவ்ளோ அகலமாவா வெட்டுவாங்க? கரை அறுத்துக்கும் இல்ல?"

சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டாமல் அப்படியே சேற்றில் இறங்கி, என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு நான் நிஸ்வாவில் டியூட்டியில் இருந்தேன். இடைவேளையில் அண்ணிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"கதிரு நல்லா வந்துக்கினு இருக்குது மேரி. உங்கண்ணன் விடியறதுக்குள்ளயே தண்ணி கூடப் போயிடுச்சி."

"அப்ப மணி?"

"அத்த ஏன் கேக்கற! கலியமூர்த்தி தண்ணி எதுவரைக்கும் வந்துச்சின்னு பாக்க வந்தாரு. உங்கண்ணன் கையெல்லாம் சேறு, 'நீங்க போய் அடிங்க'ன்னு அனுப்பிடுச்சி. அவருக்கு இன்னா தெரியும்? ஒண்ணு அடிச்சிட்டு நிறுத்தறாரு, அப்பறம் ஒண்ணு, அப்பறம் ஒண்ணு."

எங்கள் ஊரில் அப்படி விட்டுவிட்டு அடித்தால் சாவு மணி.

"யாரு செத்தாங்கன்னு கேட்டுக்கினு ஊரே அழுதுக்கினு ஓடியாந்துச்சி. அந்த மனுசன் கயிறப் புடிச்சிக்கினு வாசல்ல நின்னு கத்தறாரு: 'யாரும் சாவலம்மா, தண்ணி வந்திருக்குது! எல்லாம் பூசைக்கு வாங்க!'"